கிரேக்கக் கிராமங்களை வரைய: நீலத்தை விடுங்கள், சாம்பல் பச்சையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. அக்டோபர் நடுவிலிருந்து ஒரு மாதம் கிரீஸ் போகிறார். கையில் வாட்டர் கலர் பெட்டி. சாந்தோரினி, மிகோனோஸ் பக்கம் போக விருப்பமில்லை. கிராமங்களையும் அங்கே நடக்கிற அன்றாட வேலைகளையும் வரைய ஆசை. என்னென்ன வண்ணம் எடுத்துப்போவது, எந்தெந்த ஊருக்குப் போவது, முன்பின் தெரியாத ஆட்களை உட்கார்ந்து வரைந்தால் ஏதாவது சொல்வார்களா என்று மூன்று கேள்விகள். அப்புறம் கடைசி வரியில் போகிற போக்கில், இதுவரை போட்டோ பார்த்து வரைந்த கிரீஸ் படங்கள் எல்லாமே காலண்டர் படம் மாதிரி வருகின்றன என்று சொல்லியிருக்கிறார். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற மூன்றும் தானாகவே தெளிந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் வாட்டர் கலர்க்காரன். வெளியே உட்கார்ந்து வரைவதைப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். கிரீஸில் லெஸ்போஸ், கியோஸ், டினோஸ் தீவுகளிலும் பீலியோன் மலைக் கிராமங்களிலும் வரைந்திருக்கிறேன். வடமேற்கே எபிரஸ் மலைப்பகுதியில் வரைந்ததைவிட மழைக்கு ஒதுங்கி நின்றதுதான் அதிகம். எண்ணெய் வண்ணம் என் கைக்குப் பழகாதது, அதனால் கீழே சொல்வது முழுக்க வாட்டர் கலருக்கு மட்டும்.

காலண்டர்த்தனம் வருவதற்கு உங்கள் கையைக் குற்றம் சொல்ல வேண்டாம். நீங்கள் பார்த்த போட்டோக்கள் அப்படி. கிரீஸ் என்றதும் வருகிற படங்கள் பெரும்பாலும் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்து வீடுகள், அதுவும் ஜூலை ஆகஸ்ட் வெயிலில், நிறத்தை ஏற்றிவிட்டு எடுத்தவை. நாட்டின் பெரும்பகுதி மலை, அதிலும் நிறைய சுண்ணாம்புக்கல் மலை. சாம்பல் பாறை, இடையிடையே செம்மண், காய்ந்த புல், ஆலிவ் மரத்தின் மங்கலான பச்சை. எபிரஸில் ஜாகோரி என்று 46 கிராமங்கள் சேர்ந்த ஒரு பகுதி, 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே சுவர், கூரை, பாதை, பாலம் எல்லாம் ஒரே சாம்பல் கல்; நீலக் கதவைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்து திரும்புவீர்கள். பீலியோனில் கூரை முழுக்கப் பலகைக்கல். கியோஸ் தீவில் பிர்கி என்ற ஊரில் வீட்டு முகப்பை வெள்ளை பூசி, அதைச் சுரண்டி, சாம்பலும் வெள்ளையுமாக முக்கோணமும் கட்டமும் வட்டமுமாக நிரப்பியிருப்பார்கள். தெசலி சமவெளி பருத்திக்காடு. ஆக, வெள்ளை-நீலம் என்பது கிரீஸின் ஒரு மூலை.

அந்த மூலையைப் பற்றியும் நிறையக் கதைகள் உலவுகின்றன. சுண்ணாம்பு பூசுவது வெயிலைத் திருப்பி அனுப்பவும் கிருமியைக் கட்டுப்படுத்தவும் என்பது உறுதி. சுண்ணாம்பில் லுலாகி என்கிற துணி நீலப்பொடியைக் கலந்து கதவு, சன்னல், விளிம்புகளுக்கு அடித்தார்கள் என்பதும் உறுதி. மலிவாகக் கிடைத்தது அதுதான். நம் ஊரில் வெள்ளையடிக்கிறபோது நீலம் கலந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் தேசியக் கொடியின் நிறம் என்பதால்தான் வீடுகளுக்கும் அதே நிறம் என்று வழிகாட்டிகள் சொல்வதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். காவி, மஞ்சள், மங்கிய ரோஸ் நிறச் சுவர்களைத் தீவுகளிலேயே பார்க்கலாம். வரைகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போய் வெள்ளைச் சுவருக்கு எதிரே ஈசலை (படம் வைக்கும் தாங்கியை) விரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் உங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. கண்ணெதிரே இருப்பதை விட்டுவிட்டு மனதில் இருப்பதை வரைகிற இந்தச் சிக்கல் கிரேக்க ஓவியர்களுக்கே ஒரு தலைமுறை முழுக்க இருந்தது. சுதந்திரம் கிடைத்த புதிதில் அந்த நாட்டுக்கு ராஜாவாக வந்தவர் பவேரியாவைச் சேர்ந்த ஓட்டோ. ஏதென்ஸில் 1837இல் கலைப்பள்ளி தொடங்கியது. அங்கே தேறியவர்கள் மேல்படிப்புக்குப் பவேரியாவின் தலைநகரான மியூனிக் போவது வழக்கமானது. டினோஸ் தீவில் பிறந்த நிகிஃபொரோஸ் லித்ராஸ் (1832–1904), அதே தீவின் நிக்கோலாவோஸ் கீஸிஸ் (1842–1901), லெஸ்போஸ்காரரான யகோவிதிஸ் மூவரும் அப்படிப் போனவர்கள். அன்றாடக் காட்சிகளைக் கிரேக்க ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் இவர்கள். லித்ராஸ் 1872இல் வரைந்த ‘காலந்தா’வில் பண்டிகைக்கு முந்திய அந்தி நேரத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பையன்கள் நின்று பாடுகிறார்கள். கீஸிஸ் 1877இல் வரைந்தது சின்னப் பிள்ளைகளுக்கு நிச்சயம் செய்கிற வழக்கம். ஆள், உடை, சாமான் எல்லாம் கிரேக்கக் கிராமம். வெளிச்சம் மட்டும் மியூனிக் ஸ்டுடியோ. தேன் நிறத்தில், பழுப்பில், ஓரத்தில் இருட்டி, நடுவில் மட்டும் மினுங்குகிற வெளிச்சம். மோசமான படங்கள் என்று சொல்ல வரவில்லை. கீஸிஸின் கோடு யாருக்கும் வராது. ஆனால் அந்த ஊர்க்காரர்களே தங்கள் வெயிலைத் தாளில் இறக்க இன்னும் நாற்பது வருடம் ஆனது.

அதை இறக்கியவர்கள் 1917இல் ‘டெக்னி’ என்ற பெயரில் குழுவாகச் சேர்ந்தவர்கள். மலேயாஸ், பர்தெனிஸ், அப்புறம் நிகிஃபொரோஸின் மகன் நிக்கோலாஸ் லித்ராஸ். மகனும் மியூனிக்கில் படித்தவர்தான் என்பதைக் கவனியுங்கள். படித்த இடத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. அப்பாவின் படத்தில் பழுப்புக்குள்ளே அடங்கியிருக்கிற நிழல், மகனின் படத்தில் கெட்டியான நிறமாக, தட்டையாக, பட்டென்று வெட்டிக்கொண்டு நிற்கிறது. மலேயாஸ் மலையையும் பாறையையும் பெரிய பெரிய நிறத்திட்டுகளாகப் பிரித்தார். எனக்கு இவர்களில் அதிகம் பிடித்தவர் கொஞ்சம் பிந்தி வந்த ஸ்பீரோஸ் பபலூகாஸ் (1892–1957). துருக்கியோடு நடந்த ஆசியா மைனர் போரில் ராணுவத்தோடு போய் வரைந்தவை, கிரீஸ் தோற்ற அந்தப் பேரழிவில் போயின. திரும்பிவந்து 1923–24இல் ஆதோஸ் மலை மடங்களிலும், 1925இல் லெஸ்போஸிலும் உட்கார்ந்து வரைந்தார். அவருடைய நிழல்களில் ஊதாவும் சாம்பல் நீலமும் கிடக்கும், கறுப்பைத் தேட வேண்டியிருக்கும். ஏதென்ஸில் தியோஹராகிஸ் அறக்கட்டளையில் அவருடைய படங்கள் நிறைய இருக்கின்றன. 2021இல் விரிவாக்கி மறுபடி திறந்த தேசியக் கலைக்கூடத்தில் கீஸிஸையும் டெக்னி குழுவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கிராமத்துக்குக் கிளம்பும் முன் இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். எந்தப் பட்டறையிலும் கிடைக்காத பாடம் அது.

அவர்கள் மியூனிக் பழுப்பைக் கொண்டுவந்தார்கள் என்றால், நாம் கொண்டுபோவது நெல்வயல் பச்சை. எங்கள் வகுப்பிலிருந்து கிரீஸ் போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் ஆலிவ் தோப்பு மாந்தோப்பாக இருக்கும். சாப் கிரீனை எடுத்து அப்படியே போட்டுவிடுகிறார்கள். ஆலிவ் இலையின் மேல்பக்கம் மங்கிய சாம்பல் பச்சை. அடிப்பக்கம் நுண்ணிய செதில்களால் வெள்ளி மாதிரி இருக்கும். காற்று அடிக்கிறபோது மரம் முழுக்க ஒரு வினாடியில் நிறம் மாறும். இலை இலையாகப் போட்டால் தொலைந்தீர்கள். மரத்தை ஒரே திட்டாகப் பாருங்கள்: வெயில் படும் மேற்பரப்பு வெளிறிய சாம்பல், உள்ளே கதகதப்பான கரும்பச்சை, இடையில் வானம் தெரிகிற ஓட்டைகள். பெட்டியில் இருக்கிற பச்சை டியூபுகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அல்ட்ராமரினும் ரா சியன்னாவும் கலந்து, துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் ஆலிவ் கிடைத்துவிடும். டெர் வெர்ட் என்கிற பச்சைமண் வண்ணம் இருந்தால் இன்னும் நல்லது. அதன் வலுவில்லாத தன்மையே இங்கே உதவி. வேறு எந்த நாட்டுக்கும் அதை நான் சிபாரிசு செய்வதில்லை.

வண்ணப் பட்டியல் கேட்டீர்கள். எல்லோ ஆக்கர், ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, ரா அம்பர், லைட் ரெட், அல்ட்ராமரின், செருலியன், பச்சைமண், மாலை நேர மலைக்குக் கொஞ்சம் ரோஸ் மேடர். எலுமிச்சை மஞ்சள் ஒன்று, தெருவில் கிடக்கிற எலுமிச்சம்பழத்துக்கும் பிளாஸ்டிக் கூடைக்கும். இது போதும், இதிலேயே ஒன்றிரண்டு மிச்சமாகும். பழங்காலத்தில் அபெல்லிஸ் போன்ற பெரிய ஓவியர்கள் நான்கே வண்ணங்களில் வேலை செய்ததாக ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார்: மீலோஸ் தீவின் வெண்மண், அட்டிகாவின் மஞ்சள் காவி, சினோப்பியின் செங்காவி, கறுப்பு. அபெல்லிஸின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அதனால் இது எவ்வளவு சரி என்று சோதித்துப் பார்க்க வழியில்லை. அந்தக் காலத்துச் சுவர்களில் நீலம் இருப்பதால் அறிஞர்களுக்கும் இதில் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த நான்கை வைத்துக்கொண்டு அந்த நிலத்தை வரைந்து பாருங்கள். கறுப்பும் மஞ்சள் காவியும் கலந்தால் வருகிற பச்சை ஆலிவுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

இனி வெளிச்சம். கிரேக்க ஒளி என்று ஏதோ தெய்வீகமாகப் பேசுவார்கள். அதில் கணக்காகச் சொல்லக்கூடிய பகுதி இது. ஏதென்ஸ் கிட்டத்தட்ட 38 டிகிரி வடக்கில் இருக்கிறது, சென்னை 13இல். அக்டோபர் நடுவில் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கும். ஏதென்ஸில் சுமார் 43தான். நவம்பர் நடுவில் அங்கே 33க்கு இறங்கிவிடும். அதாவது நமக்குக் காலை ஒன்பது மணிக்குக் கிடைக்கிற சாய்ந்த வெயில் அங்கே உங்கள் மாதத்தில் நாள் முழுக்கக் கிடைக்கும். தெற்குப் பார்த்த சுவரெல்லாம் மத்தியானத்திலும் முழு வெளிச்சத்தில் நிற்கும், நிழல் நீளமாகத் தெருவில் படுத்திருக்கும். காலையில் சீக்கிரம் போய் முடித்துவிட வேண்டும் என்கிற நம் ஊர் அவசரம் தேவையில்லை. ஒரு விஷயத்தை மட்டும் மறக்க வேண்டாம்: அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அக்டோபர் நடுவில் ஆறே முக்காலுக்கு மறைந்த சூரியன் நவம்பர் நடுவில் ஐந்தே காலுக்குப் போய்விடும்.

காற்று உலர்ந்திருக்கிற நாளில் தூரத்து மலை கிட்டத்தில் இருப்பது மாதிரி தெளிவாக நிற்கும் என்பதும் உண்மை. நாம் பழகிய முறையில் தூரத்தை நீலமாக்கிக் கரைத்துவிட்டால் படம் பொய்யாகிவிடும். முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே கூர்மையில் இருக்கும்போது தூரத்தைக் காட்ட அளவும் ஒன்றன்மேல் ஒன்று மறைப்பதும்தான் துணை. மலேயாஸ் திட்டுத்திட்டாகப் பிரித்தது இதனால்தான் என்று எனக்குத் தோன்றும். அவர் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை, என் ஊகம். ஆனால் எப்போதுமே இப்படி என்று நம்பிவிடாதீர்கள். தெற்கிலிருந்து காற்று வந்தால் சகாராத் தூசி சேர்ந்து வரும். 2024 ஏப்ரலில் ஏதென்ஸ் வானம் ஆரஞ்சாக மாறியது உலகம் முழுக்கச் செய்தியானது. கடலோரத்தில் ஈரப்பதம் ஏறி மங்குகிற நாட்களும் நிறைய. அன்றைக்கு இருக்கிற வெளிச்சத்தை வரையுங்கள். ‘கிரேக்க ஒளி’ என்று தனியாக ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துப்போகாதீர்கள்.

வெள்ளைச் சுவரைத் தவிர்க்க முடியாமல் வரைய வேண்டிவந்தால், வெயில் படுகிற பகுதியில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். நிழலில் இருக்கிற வெள்ளைக்குத்தான் எல்லா வேலையும். சுவரின் மேல்பகுதி நிழல் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். கீழே வரவர தரையிலிருந்து எழும் காவி வெளிச்சம் ஏறி சூடாகும். இந்த இரண்டையும் ஒரே ஈர வாஷில் (நீர்த்த வண்ணப் பூச்சில்) மேலிருந்து கீழே இறக்க வேண்டும், நடுவில் கோடு விழக்கூடாது. டோன் (நிறத்தின் வெளிர்-அடர் அளவு) விஷயத்தில் எல்லோரும் செய்வது, நிழலை ரொம்ப இருட்டாக்குவது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்த நிழல் வானத்தின் டோனுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மிகப் பிரகாசமான பொருள் வானம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்; நல்ல வெயிலில் சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் வானம் இருட்டு. இன்னொன்று: வெயிலில் தாளை வைத்துக்கொண்டு வரையாதீர்கள். கண் கூசி எல்லாவற்றையும் இருட்டாகப் போட்டுவிட்டு, அறைக்கு வந்து பார்த்தால் படம் அடுப்புக்கரியாக இருக்கும். நீங்களும் தாளும் நிழலில், பொருள் வெயிலில்.

அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். நீங்கள் போகிற மாதம் இதற்கு அருமையானது, ஏனென்றால் சுற்றுலாக்காரர்கள் கிளம்பியிருப்பார்கள், ஊர்க்காரர்களின் வேலை தொடங்கியிருக்கும். முதல் மழைக்குப் பிறகு காய்ந்த நிலத்தில் மெல்லிய பச்சை படரும், கற்களுக்கு நடுவே சைக்ளமென் பூக்கும். தெசலியில் பருத்தி எடுப்பு முடிகிற நேரம். மலைப்பக்கம் கஷ்டமின்றிக் கிடைப்பது கஷ்கொட்டை (செஸ்ட்நட்) பொறுக்கும் காட்சி. திராட்சைச் சக்கையைக் காய்ச்சி சிபுரோ என்கிற சாராயம் வடிக்கும் கொப்பரைகள், கிரீட் தீவில் அதே மாதிரி ராக்கி வடிக்கும் கொட்டகைகள் அப்போதுதான் எரியும். புகையும் செம்பும் ஆட்களும் சேர்ந்த இருட்டறை, மியூனிக்காரர்கள் இருந்தால் விட்டிருக்க மாட்டார்கள். அக்டோபர் 26 புனித டிமிட்ரியோஸ் நாள். 28ஆம் தேதி ‘ஓஹி’ நாள். 1940இல் முசோலினியின் கெடுவுக்கு மறுப்புச் சொன்னதன் நினைவாகச் சின்ன ஊரில்கூடப் பள்ளிப்பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் அணிவகுப்பார்கள். எண்ணெய்க்கான ஆலிவ் அறுவடை நவம்பரில் சூடுபிடித்து ஜனவரி வரைக்கும் போகும்.

ஆலிவ் அறுவடையை வரைவதாக இருந்தால் அது இப்போது எப்படி நடக்கிறதோ அப்படியே வரையுங்கள். மரத்தடியில் நைலான் வலை விரித்திருக்கும். நீளக் கம்பின் முனையில் விரல்கள் ஆடுகிற பேட்டரி எந்திரத்தால் கிளையை உலுக்குவார்கள். பக்கத்தில் ஜெனரேட்டர், சாக்கு, பழைய பிக்கப் வண்டி. பாதி ஆட்கள் அல்பேனியாவிலிருந்தோ இன்னும் தொலைவிலிருந்தோ வந்த கூலிக்காரர்களாக இருக்கலாம். கறுப்பு முக்காடு போட்ட பாட்டி, கழுதை, மண்குடம் என்று தேடினால் மறுபடி காலண்டர்தான். கழுதை வேண்டும் என்றால் ஹைட்ரா தீவுக்குப் போங்கள். அங்கே கார், பைக்குக்குத் தடை, அதனால் கோவேறு கழுதையும் கழுதையும் இன்றைக்கும் சுமை தூக்குகின்றன. மற்ற இடங்களில் கூரைமேல் சோலார் வெந்நீர்த் தொட்டி, மேல்தளம் கட்டுவதற்காக நீட்டிவிட்ட கம்பி, வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு வரைபவர்கள்தான் பெரும்பாலோர். அந்தத் தொட்டி மேல் மாலை வெயில் அடிக்கிறபோது அது ஊரிலேயே மிக அழகான வெளிச்சப்புள்ளியாக இருப்பதைப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் குரு ஒருவர் உண்டு, லெஸ்போஸ் தீவின் தியோஃபிலோஸ். 1870 வாக்கில் பிறந்தவர், முறையாகப் படிக்கவில்லை. ஃபுஸ்தனெல்லா என்கிற பழைய கிரேக்க ஆண்களின் மடிப்புப் பாவாடை உடுத்திக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்து, காப்பிக்கடைச் சுவரிலும் ரொட்டிக்கடைச் சுவரிலும் சாப்பாட்டுக்காக வரைந்தார். சிறுவர்கள் கேலி செய்தார்கள். பீலியோன் அடிவாரத்தில் அனகாசியா என்ற ஊரில் கொந்தோஸ் வீட்டுச் சுவர்களை 1912இல் நிரப்பினார். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். வீரர்களையும் தெய்வங்களையும் வரைந்த அதே கையால் ரொட்டி சுடுகிறவரையும் ஆலிவ் பொறுக்குகிறவர்களையும் வரைந்தார். எல்லோரும் நேராக நம்மைப் பார்த்து நிற்பார்கள், எல்லாச் சாமானும் எண்ணிக்கை தவறாமல் இருக்கும். பாரிஸில் பதிப்பாளராக இருந்த, அதே தீவைச் சேர்ந்த தெரியாத் என்பவர் தியோஃபிலோஸின் கடைசிக் காலத்தில் அவரைக் கண்டுபிடித்து நிறைய வரையவைத்தார். 1934இல் தியோஃபிலோஸ் இறந்தார். 1961இல் அவர் படங்கள் லூவரில் வைக்கப்பட்டன. 1965இல் மிதிலினிக்குப் பக்கத்தில் வரெயாவில் அவருக்கென்று அருங்காட்சியகம் திறந்தது. தூரம், கோணம் என்று நாம் அலட்டிக்கொள்கிற எதுவும் சரியாக இருக்காது. ஆனால் அந்தக் கடையில் என்ன விற்றது, யார் எங்கே நின்றார் என்பதில் சந்தேகமே வராது.

எந்த ஊர் என்ற கேள்விக்கு: மழைக்கணக்கு பார்த்து முடிவுசெய்யுங்கள். மேற்குக் கரை, எபிரஸ், கார்ஃபு ஆகியவை நாட்டின் ஈரமான பகுதிகள், அக்டோபர் நவம்பரில் நன்றாகப் பெய்யும். ஏஜியன் பக்கம் அதைவிட உலர்ந்தது. சின்னச் சைக்ளடீஸ் தீவுகளில் அக்டோபர் கடைசியோடு விடுதிகளை மூடிவிடுவார்கள், கப்பலும் குறையும். லெஸ்போஸ், கியோஸ் மாதிரிப் பெரிய தீவுகள் வருடம் முழுக்க உயிரோடு இருப்பவை; பிரேயஸ் துறைமுகத்தில் இரவு கப்பல் ஏறினால் காலையில் இறங்கலாம். என்னைக் கேட்டால் லெஸ்போஸில் அய்யாசோஸ் மலைக்கிராமத்தில் இரண்டு வாரம், தெற்குக் கியோஸின் மஸ்திகாக் கிராமங்களில் இரண்டு வாரம். மஸ்திகா மரத்தின் பட்டையில் கோடையில் கீறிவிட்டு, வடிகிற பிசின் அழுக்காகாமல் இருக்க மரத்தடியில் வெண்மண் பரப்பியிருப்பார்கள். தரையிலிருந்து மேலே எழும் வெளிச்சத்தில் மரத்தின் அடிக்கிளைகள் ஒளிர்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. குளிர் தொடங்கியதும் பெண்கள் வாசலில் கூடி உட்கார்ந்து பிசினைச் சுத்தம் செய்வார்கள், பேச்சும் கையும் ஓயாது. இந்த வேலைமுறையை யுனெஸ்கோ 2014இல் பட்டியலில் சேர்த்தது. ஒரு மாதத்தில் ஆறு தீவு என்று திட்டம் போட்டிருந்தால் தயவுசெய்து கிழித்துப்போடுங்கள். முதல் மூன்று நாள் எந்த ஊரிலும் வரைகிற படம் தேறாது.

ஆட்களை வரையலாமா? பொது இடத்தில் சின்ன நோட்டில் வரைவதை யாரும் தடுப்பதில்லை, ஆனால் காப்பிக்கடையில் மரியாதை என்று ஒன்று இருக்கிறது. கஃபெனியோ என்கிற அந்த ஊர்க் காப்பிக்கடை பாரம்பரியமாக ஆண்களின் இடம். உள்ளே போகும்போது ‘கலிமேரா’ (காலை வணக்கம்) சொல்லுங்கள், காப்பி வாங்கிக்கொண்டு உட்காருங்கள், முதல் நாள் நாற்காலிகளையும் அடுப்பையும் மட்டும் வரையுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் இன்று பெரும்பாலான ஊர்களில் தொந்தரவு இருக்காது. மலைக்கிராமத்தில் கொஞ்சம் வெறித்துப் பார்ப்பார்கள். ஒருவர் எழுந்துவந்து நோட்டை எட்டிப் பார்ப்பார், அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும், மறுநாள் உங்களுக்காகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள். தாவ்லி என்கிற பகடைப் பலகை ஆட்டம் ஆடுகிற இரண்டு பேர் அருமையான மாடல்கள். தலை அசையும், உட்காரும் விதம் மணிக்கணக்கில் மாறாது. கேட்டுவிட்டு வரைவதாக இருந்தால் ‘போரோ ந ஸொக்ரஃபீஸோ?’ (வரையலாமா?) போதும். தலையை மேலே நிமிர்த்தி புருவத்தைத் தூக்கினால் முடியாது என்று அர்த்தம். நாம் அதை ‘என்ன விஷயம்?’ என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய்விடுவோம், கவனம். மதியம் மூன்று மணிக்கு மேல் ஐந்தரை வரை ஊர் தூங்கும். கதவு தட்டவோ சத்தம் போடவோ கூடாது, தெருவை வரைய மட்டும் நல்ல நேரம். ஜான் கிராக்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1946இல் போரோஸ் தீவுக்கு வந்து, 1960இலிருந்து கிரீட்டின் ஹனியாவில் வீடு வைத்துக்கொண்டு மேய்ப்பர்களையும் மாலுமிகளையும் ஆடுகளையும் வரைந்தார். அவர் படத்தில் ஆட்கள் வேடிக்கைப் பொருளாகத் தெரியாததற்குக் காரணம், அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை: லெஸ்போஸ், கியோஸ் இரண்டும் துருக்கிக் கரைக்கு எதிரே இருப்பவை, ராணுவ முகாம்கள் உண்டு. கேமராவுக்குக் குறுக்கே கோடு போட்ட பலகை இருந்தால் அங்கே நோட்டையும் திறக்காதீர்கள். 2001இல் கலமாட்டா விமானத்தளத்தில் விமானங்களைக் குறிப்பெடுத்த பிரிட்டிஷ்காரர்களைக் கைதுசெய்து வழக்கே நடத்தினார்கள். அப்புறம் விடுதலையானார்கள், ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு மாதம்தான்.

கடைசியாக, வேலைமுறை. உங்களுக்கு ஏற்றது எட்வர்ட் லியருடையது. வேடிக்கைப் பாட்டு எழுதியவர் என்று பெயர் வாங்கிய அதே லியர், 1848இலிருந்து கிரீஸில் திரிந்தவர், கார்ஃபுவில் பல வருடம் இருந்தவர், 1864இல் கிரீட்டைச் சுற்றியவர். இடத்தில் பென்சிலால் மட்டும் வேகமாக வரைவார். ஊர் பெயர், தேதி, மணி, வரிசை எண் எழுதுவார். நிறங்களைப் படத்தின் மேலேயே சொற்களாகக் குறித்துவைப்பார், சில சொற்களை வேண்டுமென்றே விளையாட்டாகத் தப்பு எழுத்தில். இரவிலோ குளிர்காலத்திலோ அறையில் உட்கார்ந்து பென்சில் மேல் பேனா ஓட்டி, அப்புறம் வாஷ் போடுவார். ஏதென்ஸில் கென்னாடியஸ் நூலகத்தில் இப்படியான தாள்கள் சுமார் 200 இருக்கின்றன. 1874இல் அவர் நம் பக்கமும் வந்தார். மாமல்லபுரத்தையும் காஞ்சிபுரத்தையும் இதே முறையில்தான் வரைந்தார். அதனால் இரண்டு நாட்டு வெளிச்சத்தையும் ஒரே கை எப்படி எடுத்துக்கொண்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் அவருடைய படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

நான் இதில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வேன். வண்ணத்தைச் சொல்லாக எழுதுவதோடு, தாளின் ஓரத்தில் மூன்று பொட்டு நிறமாகவும் வைத்துவிடுவேன்: வெயில் பட்ட தரை, நிழல் பட்ட தரை, வானத்தின் கீழ்ப்பகுதி. மற்றது மாறினாலும் அந்த மூன்றின் உறவு இருந்தால் படத்தை அறையில் முடித்துவிடலாம். 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாள், ஏ4க்கு மேல் வேண்டாம். காற்றுக்கு கிளிப், ஈசல் காலில் கட்ட ஒரு துணிப்பை. கல் அங்கேயே கிடைக்கும். உலர்ந்த நாளில் வாஷ் பாதியிலேயே காய்ந்துவிடும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துவிட்டுத் தொடங்கினால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுபவர்களும் உண்டு, எனக்கு அந்தப் பிசுபிசுப்பு ஒத்துவரவில்லை. பான் (உலர்ந்த கட்டி) வண்ணங்களை விமானத்தில் கைப்பையிலேயே கொண்டுபோகலாம், டியூபாக இருந்தால் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். கிராமத்தில் தாளோ பிரஷோ கிடைக்காது. தேவையானதை ஏதென்ஸிலேயே வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுங்கள்.